கல் உடைக்கும் கருவியில் வடிவமைக்க என்ன இருக்கிறது என்று கேட்ட வாசகருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சென்னையில் வீடியோ கேம் செய்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்கு மறுப்பாக வியாழக்கிழமை வெளியான வாசகர் கடிதத்தையும் படித்தேன். எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரன் மணிக்கணக்காகக் கணினியில் பாறை உடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பட்டனை அழுத்தினால் கல் உடைகிறது, எண் கூடுகிறது, இதில் உட்கார்ந்து வடிவமைக்க என்ன இருக்கிறது, இதற்கு ஒருவருக்குச் சம்பளமா என்பது அவர் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். அந்தச் சம்பளம் வாங்குகிறவள் நான் என்பதால் பதில் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டுக் கேம் துறைக்கு வந்தவள் நான். இப்போது ஒரு சின்னக் குழுவில் வேலை. நாங்கள் செய்துகொண்டிருக்கும் கேமில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு துறைமுகம் வருகிறது. கரையில் துருப்பிடித்த கப்பல்கள் நிற்கும். ஊருக்குப் பின்னால் மூடிப்போட்ட சுரங்கம். விளையாடுகிறவர் கப்பலைப் பிரித்து உதிரி எடுக்க வேண்டும், சுரங்கத்தில் இறங்கித் தாது எடுக்க வேண்டும். இரண்டுக்கும் கையில் இருப்பது ஒரே கருவி. அது எதை வெட்டும், எதை வெட்டாது, எவ்வளவு நேரம் எடுக்கும், தப்பாகப் பிடித்தால் என்ன ஆகும், வெட்டு விழுந்ததா இல்லையா என்பது ஆடுகிறவருக்கு எப்படித் தெரியும் என்று தீர்மானிப்பது என் பொறுப்பு.

பேரன் ஆடுவது அநேகமாக மைன்கிராஃப்டாக இருக்கும். ஸ்டாக்ஹோமில் இருக்கும் மொஜாங் நிறுவனத்தின் கேம் அது. 2011 நவம்பரில் முழுமையாக வெளிவந்தது; 30 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதில் கல் உடைக்கும் கருவியான பிக்காக்ஸ் பார்ப்பதற்கு நாலு கட்டம் சேர்த்து வரைந்த குழந்தைப் படம் மாதிரிதான் தெரியும். உள்ளே இருக்கும் கணக்கைப் பாருங்கள். வெறும் கையால் ஒரு சாதாரணக் கல்லை உடைக்க ஏழரை நொடி ஆகும். உடைந்தாலும் கல் கையில் கிடைக்காது. மரப் பிக்காக்ஸால் தட்டினால் ஒரு நொடிக்குச் சற்று மேல். வைரப் பிக்காக்ஸுக்கு 0.3 நொடி போதும். மரத்தால் செய்தது 59 கல்லில் தேய்ந்து போகும், இரும்பு 250 வரை வரும், வைரம் 1,561. தங்கம் இருக்கிறதே, எல்லாவற்றையும் விட வேகமாக வெட்டும். ஆனால் 32 கல்லோடு சரி, அதோடு இரும்புத் தாதை அதனால் எடுக்கவே முடியாது. தங்கம் மென்மையான உலோகம் என்பதை எந்தப் பாடமும் நடத்தாமல் ஒரு சிறுவன் கையால் தெரிந்துகொள்கிறான். அப்சிடியன் என்ற கருங்கண்ணாடிப் பாறையை வைரத்தால் வெட்டவே ஒன்பது நொடிக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு நேரம் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் விட்டால் முதலிலிருந்து ஆரம்பம். அந்த ஒன்பது நொடியும் பக்கத்தில் எரிமலைக் குழம்பு ஓடிக்கொண்டிருந்தால் பையனுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அதை ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். அந்த யோசனைக்குப் பெயர்தான் வடிவமைப்பு.

கல்லில் விழும் விரிசலும் அப்படித்தான். அது பத்து படிகளாக வளரும். திரையில் ‘60 சதவீதம் முடிந்தது’ என்று எங்கேயும் எழுதியிருக்காது. கல்லைப் பார்த்தாலே இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரியும். என் தொழிலில் நான் முதலில் மதிக்கக் கற்றுக்கொண்டது இந்த விரிசலைத்தான்.

ஒரு கருவியை ஆடுகிறவர் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை அடிப்பார். அதனால் ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பப் போட்டால் கால் மணி நேரத்தில் எரிச்சல் வந்துவிடும். ஒரு கல்லுக்கே பல அடிகளைப் பதிவு செய்து, ஒவ்வொரு தடவையும் சுருதியை லேசாக மாற்றி மாற்றி ஒலிக்க விடுகிறோம். பட்டனை அழுத்தியதற்கும் அடி விழுவதற்கும் நடுவே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் கருவி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று கை கோபப்படும். அடி விழுந்த கணத்தில் எல்லா அசைவையும் துளி நேரம் நிறுத்திப் பிடித்தால் கல் கனமாகத் தெரியும். இதெல்லாம் பொதுவான கைத்தொழில் விஷயங்கள், எந்தக் கேமிலும் உண்டு. அசல் சிரமம் இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

ஸ்டார் சிட்டிசன் என்று ஒரு விண்வெளி கேம் இருக்கிறது. அதில் சுரங்க லேசரைப் பாறையில் பாய்ச்சும்போது விசையைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். ஒவ்வொரு பாறைக்கும் எடை வேறு, லேசருக்குக் காட்டும் எதிர்ப்பு வேறு, அதன் நிலையின்மை வேறு. பாறைக்குள் ஏறும் ஆற்றலை ஒரு பச்சைப் பட்டைக்குள் கொஞ்ச நேரம் நிறுத்திப் பிடித்தால் பாறை துண்டு துண்டாக விண்டுபோகும். பட்டையைத் தாண்டிவிட்டால் வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் கப்பலும் காலி. உடைத்த பிறகு லேசரை வேறு நிலைக்கு மாற்றி, துண்டுகளை உறிஞ்ச வேண்டும். இங்கே பட்டனை அழுத்துவது முக்கியமில்லை. எப்போது விரலைத் தளர்த்துவது என்பதுதான் திறமை. எனக்கு அந்தக் கேமில் ஒரே ஒரு குறை. கண் முழுக்கப் பட்டையிலேயே இருக்கும், பாறையைப் பார்க்கத் தோன்றாது.

பழையதைப் பிரித்தெடுக்கும் வேலையை நடுவில் வைத்து வந்த கேம்களில் நான் மிகவும் மதிப்பது ஹார்ட்ஸ்பேஸ் ஷிப்பிரேக்கர். கனடாவின் வான்கூவரில் இருக்கும் பிளாக்பேர்ட் இன்டராக்டிவ் செய்தது. 2020 ஜூனில் முழுமையடையாத நிலையிலேயே விற்பனைக்கு வந்து, 2022 மே மாதம் முழுமையானது. அதில் நீங்கள் படைத்தலைவரும் இல்லை, விமானியும் இல்லை. பூமிக்கு மேலே மிதக்கும் தளத்தில் பழைய விண்கலங்களை வெட்டிப் பிரிக்கும் கூலித் தொழிலாளி. வேலையில் சேரும்போதே தலைமேல் நூறு கோடிக்கு மேல் கடன். கையில் இருக்கும் வெட்டுக்கருவியும் கம்பெனியுடையது, அதற்கு வாடகை கட்ட வேண்டும்!

அந்தக் கருவிக்கு இரண்டு நிலை. ஒன்று ஊசி முனை போல் ஒரே புள்ளியில் பாயும். இரண்டு தகடுகள் இணையும் மூட்டை மட்டும் உருக்க அது. இன்னொன்று கோடு போட்டு ஒரே வீச்சில் அறுக்கும். கோட்டைக் கிடையாகவும் செங்குத்தாகவும் திருப்பலாம். ஓயாமல் சுட்டால் கருவி சூடேறி நின்றுவிடும். காற்றடைத்த அறையின் சுவரை அப்படியே அறுத்தால் உள்ளிருக்கும் காற்று பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்து எல்லாவற்றையும் தூக்கி எறியும். முதலில் உள்ளே போய் அறையின் அழுத்தத்தை இறக்க வேண்டும். எரிபொருள் குழாயில் சூடு பட்டால் நெருப்பு. கலத்துக்கு ஆற்றல் தரும் உலையைக் கழற்றியதும் அது உருகி வெடிக்கும் கெடு ஓட ஆரம்பித்துவிடும். அதற்கு முன் பாதை எல்லாவற்றையும் வெட்டி வழி பண்ணி வைத்திருக்க வேண்டும். வெட்டிய பொருளைத் தூக்கிப் போடவும் மூன்று இடம். ஒன்று உருக்கும் உலை, ஒன்று பதப்படுத்தும் எந்திரம், ஒன்று முழுசாகக் கழற்றிய சாமான்களுக்கான படகு. இடம் மாறிப் போட்டால் நஷ்டம். ஒரு ஷிப்ட் என்பது 15 நிமிடம். ஆக்சிஜனும் அளவாகத்தான் இருக்கும்.

இதில் கலத்தை ஒரு பெட்டி மாதிரி வைக்காமல், யாரோ ஒரு ஒழுங்கோடு கட்டிய பொருளாக வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டியவர் எந்த வரிசையில் கட்டினார் என்று புரிந்தால்தான் பத்திரமாகப் பிரிக்க முடியும். சுரங்க வேலைக்கும் பிரிப்பு வேலைக்கும் நடுவில் இருக்கும் பெரிய வித்தியாசம் இது. பாறைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கப்பலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரோ ஒருவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒரே கருவியால் இரண்டையும் செய்ய வைக்கிறோம் என்றால் அதற்கு இரண்டு விதமான காது வேண்டும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் செய்ய எனக்குத் தெம்பு வரவில்லை. புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி விற்கும் அந்தத் தெருக்களைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்த ஒருவர் மூலமாக, கனரக வாகனங்களின் இரும்புச் சட்டகங்களை கேஸ் கட்டிங் செய்யும், அதாவது எரிவாயுச் சுடரால் வெட்டும், ஒரு அண்ணனின் பட்டறைக்கு அறிமுகம் கிடைத்தது. கேமுக்காகப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் அவர் சிரிக்கவில்லை. “தள்ளி நில்லும்மா, கண்ணாடி போட்டுக்கோ” என்றார், அவ்வளவுதான்.

அவர் வெட்டத் தொடங்கியதை அப்படியே சொல்கிறேன். டார்ச்சைப் பற்றவைத்து, நீலக் கூம்பு கூர்மையாக வரும்வரை வால்வைத் திருகினார். தகட்டின் ஓரத்தில் சுடரைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றார். எதுவும் நடக்கவில்லை. தகடு கறுப்பிலிருந்து மங்கல் சிவப்புக்கு வந்து, அப்புறம் நல்ல செர்ரிப் பழச் சிவப்பாகப் பளிச்சென்று ஆனது. அந்த நிறம் வந்த பிறகுதான் லெவரை அமுக்கினார். ஆக்சிஜன் பாய்ந்த ஓசை மாறியது, பொறி கொட்டியது. இரும்பு உருகி விழுகிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். உண்மையில் சுமார் 900 டிகிரிக்குச் சூடேறிய இரும்பு சுத்த ஆக்சிஜனில் எரிகிறது. எரிந்த கசடைத்தான் அந்தக் காற்று கீழே தள்ளுகிறது. அதனால்தான் இதே டார்ச்சால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஒழுங்காக வெட்ட முடியாது. அதன் குரோமியம் உடனே ஒரு ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்ளும், அது சீக்கிரம் உருகாது. அலுமினியமும் அப்படியே. உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும், அதன் மேல் இருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும்.

“வெட்டு அடி வரைக்கும் விழுந்துச்சான்னு எப்படிண்ணே தெரியும்?” என்று கேட்டேன்.

“பொறியப் பாரும்மா. கீழ கொட்டுச்சுன்னா விழுந்துடுச்சு. மேல எகிறி உன் மூஞ்சிக்கே வந்துச்சுன்னா விழல. வேகமாப் போறேன்னு அர்த்தம்” என்றார்.

எங்கள் கருவியின் வடிவமைப்பு அந்தப் பதிலில் இருந்துதான் வந்தது. இப்போது எங்கள் கேமில் வெட்டும்போது திரையில் பட்டை கிடையாது, சதவீதம் கிடையாது. பட்டனைப் பாதி அழுத்தினால் சூடு ஏறும், முழுசாக அழுத்தினால் ஆக்சிஜன் பாயும். நிறம் வருமுன் முழுசாக அழுத்தினால் தகடு குளிர்ந்துபோகும், திரும்பச் சூடேற்ற வேண்டும். நிறம் வந்த பிறகு கையை ஓட்டும் வேகம் சரியாக இருந்தால் பொறி தகட்டுக்குப் பின்னால் கொட்டும். அவசரப்பட்டால் பொறி ஆடுகிறவரின் முகத்துக்கே திரும்பி வந்து பார்வையை மறைக்கும். தகட்டின் பின்பக்கம் பொறி விழுவதைக் காட்ட எங்கள் நிரலர் பட்ட பாடு தனிக் கதை. தகட்டின் தடிமனையும் கை வேகத்தையும் ஒவ்வொரு கணமும் கணக்கிட வேண்டியிருந்தது. முதல்முறை விளையாடிப் பார்த்தவர்களில் ஒரு கல்லூரி மாணவி, யாரும் எதுவும் சொல்லாமலேயே, கையை மெதுவாக்கினாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பொறியைப் படித்துவிட்டாள்.

சுரங்கப் பகுதிக்கான காது வேறு இடத்திலிருந்து கிடைத்தது. எங்கள் ஒலிப்பதிவுக்காரர் கோலார் தங்கவயல் குடும்பத்துப் பையன். அவருடைய தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து போன எத்தனையோ குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக உழைத்தன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் பாரத்தால் சுவரே திடீரென்று வெடித்துச் சிதறும். வெடி வைத்த பிறகு உள்ளே போகிறவர்கள் முதலில் நீளக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதி. பொத்தென்று ஒலித்தால் அந்தத் துண்டு பின்னால் இருக்கும் பாறையிலிருந்து விட்டுப்போயிருக்கிறது, அதை முதலில் நெம்பித் தள்ள வேண்டும். தாத்தா வீட்டில் தரையில் தட்டிக் காட்டிய அந்த இரண்டு ஓசைகளைப் பேரன் நினைவில் வைத்திருந்தார்.

ஆகவே எங்கள் கருவிக்கு ‘தட்டு’ என்று ஒரு செயல் வந்தது. சேதம் எதுவும் செய்யாது, தாது எதுவும் தராது. பாறையைத் தட்டும், பாறை பதில் சொல்லும். கணீருக்கும் பொத்துக்கும் நடுவே பல படிகள் வைத்திருக்கிறோம். கேட்காமல் துளையிடுகிறவர் மீது கூரை இறங்கும். காது கேளாதவர்கள் ஆடும்போது கையிலிருக்கும் கண்ட்ரோலரின் அதிர்வு அதே பதிலைச் சொல்லும். உறுதியான பாறைக்குச் சுருக்கமான கடின அதிர்வு, விட்டுப்போனதற்கு நீண்ட மந்தமான அதிர்வு. கேமில் எனக்கு மிகவும் பிடித்த பட்டன் அதுதான்.

கழற்றும் வேலைக்குத் திரும்பவும் புதுப்பேட்டைதான் பள்ளிக்கூடம். துருப்பிடித்த போல்ட்டை நேராகக் கழற்றப் பார்த்தால் தலை உடைந்து கையில் வரும். அங்கே அனுபவம் உள்ளவர்கள் முதலில் அதைச் சற்று இறுக்குவார்கள். துருவின் பிடி ‘டக்’கென்று விடும், அப்புறம் கழற்றுவார்கள். அசையாவிட்டால் நட்டை மட்டும் சூடாக்கி விரிய வைப்பார்கள். முதலில் பேட்டரி, அப்புறம் டேங்கில் இருக்கும் எரிபொருள், அதற்கப்புறம்தான் மற்றது என்று ஒரு முறை உண்டு. வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் முழுசாக வெளியே வந்தால் ஒரு விலை. உடைத்துச் செம்புக் கம்பியாக எடைக்குப் போட்டால் வேறு விலை, ஆனால் வேலை சட்டென்று முடியும். எது லாபம் என்பது அன்றைய நேரத்தையும் வாங்க வருகிற ஆளையும் பொறுத்தது. எங்கள் கேமில் ஒவ்வொரு பொருளுக்கும் இந்த இரண்டு வழியும் இருக்கிறது. எது சரி என்று கேம் சொல்லாது.

காலியான டேங்கை வெட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எண்ணெய் தீர்ந்த டேங்க் பாதுகாப்பானது என்று நினைப்பார்கள். உள்ளே தேங்கிய ஆவிதான் ஆளைக் கொல்வது. குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983 முதல் கப்பல் உடைக்கிறார்கள். அங்கே நெருப்பு வைத்து வெட்டுமுன் அறையில் எரிவாயு இல்லை என்று சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி சும்மா வந்ததில்லை. அதற்கு உயிர்கள் போயிருக்கின்றன. கப்பல் உடைப்பில் தொழிலாளர் பாதுகாப்புக்கான ஹாங்காங் உடன்படிக்கை 2009-இல் எழுதப்பட்டு, 2025 ஜூன் 26-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கேமில் மூடிய டேங்கை அப்படியே வெட்டினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ‘ரொம்பக் கொடுமையாக இருக்கிறது, கொஞ்சம் உயிர் மட்டும் குறையட்டுமே’ என்று குழுவிலேயே சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டேங்கைத் திறந்து காற்றோட்டம் விட்டு, சோதனைக் கருவியை நுழைத்துப் பார்க்கும் வேலையைச் சலிப்பில்லாமல் செய்வது என் பொறுப்பு, அதைச் செய்கிறேன் என்றேன். ஆபத்தைச் சிறிதாக்கிக் காட்ட மாட்டேன்.

அடுத்த சண்டை மேம்பாடுகள் பற்றியது. பெரும்பாலான கேம்களில் கருவி வளர்வது என்றால் எண் வளர்வது. வேகம் பத்து சதவீதம் கூடும், பிறகு இருபது, பிறகு நாற்பது. அதற்கேற்பப் பாறையும் கெட்டியாகும். கடைசியில் முதல் நாள் இருந்த இடத்திலேயே நிற்போம். கடிதம் எழுதிய ஆசிரியர் ஐயா கவலைப்பட்டது இதைப் பற்றித்தான் என்றால் அவர் பக்கம் நான் நிற்கிறேன். எங்கள் கருவிக்குக் கிடைக்கும் புதுப் பாகங்கள் புது வேலையைத் தரும். மெல்லிய தகட்டுக்கென்று சின்ன நாசில், தண்ணீருக்கு அடியில் வெட்டும் முனை, அலுமினியத்துக்குச் சுற்றறுப்பு வாள், ஓசையைக் கூர்மையாகக் கேட்க ஒரு நீளக் கம்பி. வேகம் கூடுவது ஆடுகிறவரின் கையில் மட்டும்தான் நடக்கும். டென்மார்க்கின் கோஸ்ட் ஷிப் கேம்ஸ் செய்த டீப் ராக் கேலக்டிக்கில் ஒவ்வொரு குள்ளனும் வைத்திருக்கும் பிக்காக்ஸ் கடைசிவரை தேயாது, உடையாது. அதை வைத்துக்கொண்டே ஆட்டம் எத்தனை சுவையாக ஓடுகிறது என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

கேமை வெளியிட்டுத் தர முன்வந்த ஒரு நிறுவனம், இந்தக் கருவியால் எதிரிகளையும் வெட்ட முடிந்தால் விற்பனை கூடும் என்றது. 2008-இல் வந்த டெட் ஸ்பேஸில் ஒரு பொறியாளர் சுரங்க வேலைக்கான பிளாஸ்மா கட்டரைத் தூக்கிப் பூதங்களை வெட்டுவார். அருமையான கேம்தான், அந்தக் கருவியின் வடிவமைப்பும் நேர்த்தியானது. ஆனால் வெட்டுக்கருவி என்றாலே கடைசியில் ஆயுதமாகத்தான் வேண்டும் என்ற பழக்கம் எனக்கு ஏற்புடையதில்லை. உலகத்தில் இந்த டார்ச்சைப் பிடிக்கும் லட்சக்கணக்கான கைகள் யாரையும் வெட்டுவதில்லை. வீட்டுக்குச் சம்பளம் கொண்டு போகின்றன. அந்த நிறுவனத்துடன் பேச்சு அத்தோடு முடிந்தது. வேறு வழியில் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் ஞாயிறு கட்டுரை, கேம் துறையில் சேர எந்தெந்த மென்பொருள் கற்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருந்தது. கேம் வடிவமைப்புப் படிப்பு நடத்தும் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். மாணவர்கள் செய்திருந்த கோடாரிகளும் துளைப்பான்களும் கண்ணைப் பறித்தன. பித்தளைப் பூண், தோல் சுற்றிய பிடி, அதில் வியர்வைக் கறை வரைக்கும் வரைந்திருந்தார்கள். இந்தத் துளைப்பான் பாறையில் சிக்கிக்கொண்டால் கை என்ன செய்யும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. மூன்று வருடப் படிப்பில் ஒருவர் கையிலும் ஒரு ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. அதே வளாகத்தில், மைதானத்துக்கு அந்தப் பக்கம், இயந்திரவியல் துறையின் பட்டறை பூட்டிக் கிடந்தது.

கேம் வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்கு ஒரு பருவமாவது பட்டறை வகுப்பு வேண்டும். அரம் பிடிக்கட்டும், ஒரு தகட்டை வெட்டட்டும், துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டட்டும். ஐடிஐ-யில் வெல்டிங் சொல்லிக்கொடுப்பவர்களையும், புதுப்பேட்டை மாதிரி இடங்களில் இருக்கும் கைதேர்ந்தவர்களையும் சிறப்பு ஆசிரியர்களாக அழையுங்கள். சும்மா அழைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பாமல், மென்பொருள் வல்லுநருக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே கொடுங்கள். எங்கள் குழு அந்த கேஸ் கட்டிங் அண்ணனுக்கு ஆலோசனைக் கட்டணம் கொடுத்தது. கேம் முடிவில் வரும் பட்டியலில் வடிவமைப்பு என்ற தலைப்புக்குக் கீழே, என் பெயருக்கு மேலே அவர் பெயர் வரும்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒன்று. பேரன் அடுத்த தடவை கல் உடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தங்கப் பிக்காக்ஸ் ஏன் சீக்கிரம் உடைகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் பதிலிலிருந்து உலோகவியல் பாடம் ஒன்றை நீங்களே தொடங்கலாம். என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பீர்கள். உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். சினிமா விமர்சனத்தில் ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் பற்றி எழுதுகிறீர்கள். அதேபோல் கேம்களைப் பற்றி எழுதும்போது வேலைவாய்ப்பு, வருமானம், அடிமைத்தனம் என்ற மூன்றோடு நிறுத்தாமல், அந்தக் கேம் எப்படி வேலை செய்கிறது என்றும் எழுதுங்கள். செய்தியாளர் யாராவது வருவதாக இருந்தால் எங்கள் அலுவலகத்தில் கண்ட்ரோலர் தயாராக இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அவரை ஒரு காலை நேரம் பட்டறைக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். அண்ணனிடம் கேட்டுவிட்டேன், கெட்டிச் செருப்பும் பருத்திச் சட்டையும் போட்டு வரச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு கேம் வடிவமைப்பாளர்,
வில்லிவாக்கம், சென்னை.